கடைக் கணினியிலிருந்து கிளவுட்டுக்கு: யாழ்ப்பாணத்துச் சிறு வணிகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஸ்டான்லி வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடை. மாடிப்படிக்குக் கீழே ஒரு கணினி, அதற்குள் 11 வருடக் கணக்கு. பேக்கப் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் அதே கணினியின் பின்னால் எந்நேரமும் செருகியபடி இருந்தது. ஓர் ஐப்பசி இரவு இடி விழுந்து மின்னழுத்தம் எகிறியதில் இரண்டும் ஒன்றாகக் கருகிவிட்டன. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி கேட்டது ஒரே கேள்விதான்: “தம்பி, ஆர் ஆர் எனக்குக் காசு தரவேணும் எண்டதையாவது எடுத்துத் தரேலுமோ?”

எடுத்துக் கொடுக்க முடியவில்லை. கடன் கொப்பிகளையும் பழைய பில்களையும் வைத்து அந்தக் கணக்கைத் திரும்பக் கட்ட நான்கு மாதம் ஆனது. சில தொகைகள் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

அதன் பிறகு மருந்தகம், அச்சகம், ரியூசன் நிலையம், பஸ் முற்பதிவு நிலையம் என்று பலருடைய கணக்குகளை கிளவுட்டுக்கு மாற்ற உதவியிருக்கிறேன். 3 பேர் முதல் 30 பேர் வரை வேலை செய்யும் இடங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தனி ஐ.டி. பிரிவு உள்ள பெரிய நிறுவனங்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

கிளவுட் என்றால் என்ன என்பதற்கு இரண்டு வரி போதும். வேறொருவரின் தரவு மையத்தில் இருக்கும் கணினியையோ, தரவுத்தளத்தையோ, முழு மென்பொருளையோ மாத வாடகைக்கு எடுப்பது. வெறும் கணினியை எடுத்தால் அதில் விண்டோஸ் புதுப்பிப்பதுகூட உங்கள் வேலை. தரவுத்தளச் சேவையாக எடுத்தால் பராமரிப்பில் பெரும்பகுதி அவர்களுடையது. கணக்கு மென்பொருளாகவே எடுத்தால் நீங்கள் உள்நுழைந்து பில் போட்டால் போதும். எப்படி எடுத்தாலும், யார் உள்ளே வரலாம் என்பதும் தரவு சரியா என்பதும் உங்கள் பொறுப்பாகவே இருக்கும்.

படி 1: வேறெதற்கும் முன் ஒரு பிரதியை வெளியே அனுப்புங்கள்

வழக்கமாகத் திட்டமிடலில்தான் தொடங்கச் சொல்வார்கள். நான் பேக்கப்பில் தொடங்கச் சொல்கிறேன். திட்டம் போட்டு முடிக்க மூன்று மாதம் ஆகலாம், இடி அதுவரை காத்திருக்காது.

செலவும் பெரிதில்லை. அமேசனின் எஸ்3 சேமிப்பகத்தில் மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஒரு கிகாபைட்டுக்கு மாதம் ஏறக்குறைய இரண்டரை அமெரிக்கச் சதம். ஒரு நடுத்தரக் கடையின் பில்லிங் தரவுத்தளமும் ஸ்கேன் செய்த ஆவணங்களும் சேர்ந்து 40 கிகாபைட் என்று வையுங்கள். மாதம் ஒரு டொலர்.

எடுக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது தரவுத்தளக் கோப்பை அப்படியே நகலெடுத்தால், பாதி எழுதிய நிலையில் அது உடைந்து வரலாம். தரவுத்தளத்துக்கென்று இருக்கும் ஏற்றுமதிக் கட்டளையால் எடுங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் மைஎஸ்கியூஎல்டம்ப், போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜிடம்ப். அந்தக் கோப்பைச் சுருக்கி, கடவுச்சொல்லால் பூட்டி, ஆர்குளோன் போன்ற இலவசக் கருவியால் ஒவ்வொரு இரவும் தானாக மேலே போகும்படி செய்யலாம்.

கூகிள் டிரைவிலோ மைக்ரோசொஃப்டின் வன்டிரைவிலோ கோப்புறையை ஒத்திசைத்து வைத்திருப்பதை பேக்கப் என்று நம்பியிருப்பவர்கள் நிறைய. ஒத்திசைவு என்பது இங்கே அழித்தால் அங்கேயும் அழிவது. கூகிள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் மட்டுமே இருக்கும். கப்பம் கேட்கும் வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புகள்தான் மேலே ஒத்திசையும். அதனால் பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியையும், குறிப்பிட்ட நாள்வரை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதியையும் சேமிப்பகத்தில் இயக்கி வையுங்கள்.

பிரதி மூன்று, வைக்கும் ஊடகம் இரண்டு வகை, ஒரு பிரதியாவது வேறிடத்தில். தரவு காப்பவர்களின் பழைய விதி இது. யாழ்ப்பாணத்தில் இதை யாருக்கும் நீட்டி விளக்கத் தேவையில்லை. 1981 இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின, அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்துக்கொண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாவது பிரதிதான் நினைவுக்கு வரும். ஒரு கடையின் கடன் கொப்பிக்கும் அதே அக்கறை தகும்.

பிரதி மேலே போனதும் வேலை முடிந்தது என்று எண்ணவேண்டாம். வேறொரு கணினியில் அதை இறக்கி, தரவுத்தளத்தைத் திறந்து, நேற்றைய கடைசிப் பில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

படி 2: கடையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு எக்செல் தாள் போதும். மென்பொருள், அதன் தரவு எங்கே இருக்கிறது, எத்தனை கிகாபைட், யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதிவிட்டு, இரண்டு கேள்விகளைக் கூடவே கேளுங்கள். இது நின்றுபோனால் எத்தனை மணித்தியாலம் தாங்கலாம்? எத்தனை நேரத்துத் தரவு போனால் தாங்கலாம்? பில்லிங்குக்கு முதல் பதில் அரை மணித்தியாலமாக இருக்கும். சம்பளப் பட்டியலுக்கு மூன்று நாள். இந்த இரண்டு பதில்களும்தான் பின்னால் எவ்வளவு செலவழிப்பது என்பதை முடிவு செய்யும்.

முதலாளியிடம் மட்டும் கேட்டால் பட்டியல் பாதிதான் வரும். காசாளரின் பக்கத்தில் ஒரு முழு நாள் இருந்து பாருங்கள். ஒரு மருந்தகத்தில் அப்படி இருந்தபோதுதான், காலாவதித் திகதிகள் எல்லாம் மென்பொருளில் இல்லாமல் ஒரு பிள்ளையின் தனி எக்செல் கோப்பில் இருப்பது தெரிந்தது. அந்தப் பிள்ளை விடுமுறையில் நின்றால் வேறு யாருக்கும் அந்தக் கோப்பு எங்கே என்று தெரியாது.

கண்ணில் படாமல் ஒளிந்திருப்பவையும் உண்டு. பில் அச்சடிக்கும் தேர்மல் பிரின்டர், பார்கோட் ஸ்கேனர், காசோலை அச்சடிக்கும் பழைய பிரின்டர் எல்லாம் கடைக் கணினியோடு வயரால் இணைந்தவை. மென்பொருள் மும்பைக்குப் போனாலும் பில் இங்கேதான் அச்சாகவேண்டும். சில பழைய கணக்கு மென்பொருள்கள் யூஎஸ்பி சாவி செருகியிருந்தால் மட்டுமே திறக்கும், கிளவுட் கணினியில் செருகுவதற்குத் துளை கிடையாது. சேர்வரின் ஐபி முகவரியை (நெற்வேர்க்கில் அதற்குள்ள இலக்க முகவரி) நேரடியாக எழுதி வைத்திருக்கும் மென்பொருள்கள் முகவரி மாறியதும் நின்றுவிடும். இவற்றை இப்போதே குறித்து வைத்தால் மாற்றும் நாளில் வியர்க்க வேண்டியதில்லை.

படி 3: ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு முடிவு எழுதுங்கள்: அப்படியே தூக்கி வைப்பது, சற்று மாற்றி வைப்பது, வாடகை மென்பொருளால் பதிலீடு செய்வது, இங்கேயே விடுவது, நிறுத்திவிடுவது.

மின்னஞ்சலும் பகிர்ந்த கோப்புகளும் முதலில் போகட்டும். கூகிள் வேர்க்ஸ்பேஸ், மைக்ரோசொஃப்ட் 365 இரண்டில் ஒன்றை எடுத்தால் போதும், சிறு நிறுவனம் மின்னஞ்சல் சேர்வரைத் தானே நடத்துவதில் எந்தப் பயனும் இல்லை. இணையத்தளம் அடுத்தது. கணக்கியல் அதற்குப் பிறகு. பில்லிங் எல்லாவற்றுக்கும் கடைசி. ஊழியர்கள் கிளவுட்டுக்குப் பழகி, உங்கள் இணைய லைனின் குணம் தெரிந்த பிறகே அதைத் தொடவேண்டும்.

பில்லிங் கிளவுட்டுக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொன்ன கடைகளும் உண்டு. ஒரே கிளை, நாளுக்கு 400 பில், லைன் அடிக்கடி போகும் இடம் என்றால், மென்பொருள் கடையிலேயே ஓடட்டும். ஒவ்வொரு மணித்தியாலமும் தரவின் பிரதி மேலே போகட்டும். முதலாளி வீட்டிலிருந்து அந்தப் பிரதியில் அறிக்கை பார்க்கலாம். சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் கிளை வைத்திருப்பவருக்குக் கதை வேறு. இருப்பை மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும் என்றால் கிளவுட்தான் சரி.

சிசிடிவி காட்சிகளை மேலே அனுப்பாதீர்கள். லைனையும் காசையும் தின்றுவிடும்.

படி 4: எந்த ஊர்ச் சேர்வர், எந்த நாட்டுக் காசு

அமேசன், மைக்ரோசொஃப்ட், கூகிள் மூன்றும் இலங்கையில் முழுத் தரவு மைய வலயம் வைத்திருக்கவில்லை. அமேசனுக்கு மும்பை, ஹைதராபாத், சிங்கப்பூர். மைக்ரோசொஃப்ட் அஷுருக்கு புனே, சென்னை, மும்பை, சிங்கப்பூர். கூகிளுக்கு மும்பை, டெல்லி, சிங்கப்பூர். வரைபடத்தைப் பார்த்தால் சென்னை கொழும்பைவிட அவ்வளவு தூரமாகத் தெரியாது. ஆனால் உங்கள் தரவு பலாலியிலிருந்து கடலைத் தாண்டிக் குதிப்பதில்லை. அது முதலில் தெற்கே போய், கொழும்பு, மாத்தறைப் பக்கம் கரைசேரும் கடலடிக் கேபிள் வழியாகத்தான் வெளியே போகும். ஆகவே வரைபடத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். உங்கள் கடை லைனிலிருந்தே காலை, மதியம், இரவு 8 மணி என்று மூன்று வேளையும் ஒவ்வொரு வலயத்துக்கும் எத்தனை மில்லிசெக்கன் ஆகிறது என்று ஒரு வாரம் குறியுங்கள். ஒவ்வொரு பொருளைத் தட்டும்போதும் சேர்வரிடம் பத்துத் தடவை போய்வரும் பழைய மென்பொருளில் இந்த வித்தியாசம் காசாளரின் கைக்குத் தெரியும்.

இலங்கைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் உள்நாட்டுத் தரவு மையங்களில் கிளவுட் சேவை தருகின்றன. அவற்றில் ரூபாய் பில் வருவதைச் சிறிய விடயமாக நினைக்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. மாதம் 100 டொலர் பில் வந்த கடைக்கு 20,000 ரூபாய் 36,000 ஆனது, ஒரு கிகாபைட்கூடக் கூடாமலேயே. வெளிநாட்டுச் சேவை எடுப்பதென்றால், இன்றைய டொலர் விலையின் ஒன்றரை மடங்கில் ஒருமுறை கணக்குப் போட்டு, அதையும் கடை தாங்குமா என்று பாருங்கள்.

தரவை உள்ளே ஏற்றுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, வெளியே எடுக்கும்போதுதான் வரும். அமேசனில் இணையத்துக்கு வெளியேறும் தரவில் மாதத்துக்கு முதல் 100 கிகாபைட் இலவசம். சிறு கடைக்கு அது தாராளம். பொருட்படங்கள் நிறைந்த ஒன்லைன் கடைக்குப் போதாமல் போகலாம். சோதனைக்கு உருவாக்கி நிறுத்த மறந்த கணினிகள்தான் பில்லைக் கூட்டும் பெரிய காரணம் என்பது என் அனுபவம். முதல் நாளே செலவு எச்சரிக்கையை வையுங்கள். அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர, சேவையைத் தானாக நிறுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம், மருந்து விபரம் எல்லாம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கிளினிக், மருந்தகம் நடத்துபவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன்னர் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அரச நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள், தரவு நாட்டுக்குள் இருக்கவேண்டும் என்று தங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வாசியுங்கள்.

படி 5: சாவி யாரிடம்

என் அனுபவத்தில் மிகவும் வலித்த இடம் இது. ஓர் அச்சகத்தின் கிளவுட் கணக்கு முழுவதும் அங்கே வேலை செய்த ஒரு பையனின் சொந்த ஜிமெயிலில் திறக்கப்பட்டிருந்தது. அவர் நல்ல பிள்ளை, ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கனடாவுக்குப் போனார், பழைய சிம் செத்துப்போனது, கடவுச்சொல்லை மறந்தார். சரிபார்ப்பு எண் அந்தச் செத்த சிம்முக்கே போய்க்கொண்டிருந்தது. கணக்கை மீட்க ஐந்து கிழமை அலைந்தோம். அவரும் அங்கே இரவில் விழித்திருந்து உதவினார்.

கணக்கை நிறுவனத்தின் சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) மின்னஞ்சலில் திறவுங்கள். முதன்மைக் கணக்கு முதலாளியுடையது, அன்றாட வேலைக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர், அவரவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ்ஸை விடக் கைபேசியில் இயங்கும் குறியீட்டுச் செயலி நல்லது. மீட்புக் குறியீடுகளைக் கடதாசியில் அச்சிட்டு, காணி உறுதி வைத்திருக்கும் அதே இடத்தில் வையுங்கள். டொமைன் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் இன்றே பாருங்கள், பல கடைகளில் அது இணையத்தளம் செய்து கொடுத்தவரின் பெயரில் இருக்கும்.

தரவுத்தளத்தின் வாசலை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று மைஎஸ்கியூஎல்லின் வாசலான 3306 ஆம் போர்ட்டைத் திறந்து விடுபவர்கள் உண்டு. திறந்த வாசல்களைத் தேடி இணையம் முழுவதும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) வழியாக மட்டும் உள்ளே வரும்படி செய்யுங்கள்.

படி 6: தமிழ்த் தரவைச் சுத்தம் செய்யுங்கள்

ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டிகளில் இந்தப் பகுதி கிடைக்காது. நமக்கோ அரைவாசி வேலை இதில்தான்.

யாழ்ப்பாணத்தில் 2000களில் தட்டச்சான தரவில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினி யூனிகோட் அல்ல. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளின் வரிசை, எழுத்துரு அதற்குத் தமிழ் உடை போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். கிளவுட் மென்பொருளில் பாமினி எழுத்துரு இல்லாததால் வாடிக்கையாளர் பெயரெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே கலத்தில் பாமினித் தமிழும் உண்மையான ஆங்கிலமும் கலந்திருந்தால் கருவி ஆங்கிலத்தையும் தமிழாக்கிவிடும். பெயர் பாமினியிலும் பொருளின் அளவு ஆங்கிலத்திலும் ஒன்றாக எழுதியிருந்தால் முதலில் அதை எக்செல்லில் இரண்டு பத்தியாக (நெடுவரிசையாக) பிரித்துவிடுங்கள். மாற்றிய பிறகு 200 வரிகளையாவது ஊரையும் ஆட்களையும் தெரிந்த ஒருவர் வாசித்துப் பார்க்கவேண்டும்.

யூனிகோடிலும் பொறி உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, தேடும் கணினிக்கு உண்டு. ‘கொக்குவில்’ என்று தேடினால் பாதி வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள். என்எஃப்சி என்ற சீர்ப்படுத்தலை எல்லாத் தமிழ்ப் பத்திகளுக்கும் ஒருமுறை ஓடவிட்டால் இது தீரும். ‘ஸ்ரீ’ அப்படித் தீராது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005 இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். நம்மூரில் எத்தனை கடைப் பெயர் ஸ்ரீயில் தொடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றைத் தேர்ந்து, மற்றதைத் தேடி மாற்றுங்கள். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்றால் எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள்.

எக்செல் வழியாகப் போகும் இலக்கங்களிலும் இழப்பு நடக்கும். 077 இல் தொடங்கும் தொலைபேசி இலக்கத்தின் முன்பூச்சியத்தை எக்செல் வெட்டிவிடும். 2016 இலிருந்து வந்த 12 இலக்க அடையாள அட்டை எண்ணைச் சுருக்கிக் காட்டும், அந்தத் தோற்றத்திலேயே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். இந்தப் பத்திகளை உரையாக வடிவமைத்த பிறகே தரவை உள்ளே கொண்டுவாருங்கள். 03/04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்பதையும் மாற்ற முன்னரே முடிவு செய்யுங்கள்.

நேரமும் அப்படித்தான். கிளவுட் சேர்வர்கள் வழக்கமாக உலக நேரத்தில் ஓடும், நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. மாற்றாமல் விட்டால் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை போட்ட பில்கள் முதல்நாள் கணக்கில் விழும். புடவைக் கடைக்குப் பாதிப்பில்லை. பேக்கரிக்கும் கொழும்பு இரவு பஸ் முற்பதிவு நிலையத்துக்கும் ஒவ்வொரு நாள் கணக்கும் பிழைக்கும்.

படி 7: ஒத்திகை

முதலில் வாய்ப்பாட்டுக் கணக்கு. 40 கிகாபைட்டை, செக்கனுக்கு 8 மெகாபிட் மேலேற்றும் லைனில் அனுப்ப 40,000 செக்கன், அதாவது 11 மணித்தியாலத்துக்கு மேல். விளம்பரத்தில் போடுவது கீழிறங்கும் வேகம், உங்களுக்குத் தேவை மேலேறும் வேகம். கடை பூட்டிய பிறகு தொடங்கினாலும் மறுநாள் திறக்கும்போது அது முடிந்திராமல் போகலாம். ஆகவே முழுத் தரவையும் இரண்டு மூன்று இரவுகளில் முன்கூட்டியே ஏற்றிவிட்டு, மாற்றும் இரவில் அதற்குப் பின் மாறியவற்றை மட்டும் அனுப்புங்கள். இடையில் லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் கருவியையே எடுங்கள், ஆர்சிங்க் அப்படியானது.

ஏறியதும் சரிபார்ப்பு. ஒவ்வொரு அட்டவணையிலும் வரிகளின் எண்ணிக்கை பழையதிலும் புதியதிலும் ஒன்றா? கோப்புகளின் ஷா-256 கைரேகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீடு) ஒன்றா? இவை இரண்டும் தொழில்நுட்பச் சோதனை, நான் அதிகம் நம்புவது மூன்றாவதை. கடந்த மூன்று மாதத்து விற்பனை மொத்தம், கடனாளிகளின் நிலுவை, பரீட்சை மீதி ஆகியவற்றை இரண்டிலும் அச்செடுத்துக் கணக்காளர் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கட்டும். ஒரு சதம் வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியும்வரை முன்னேற வேண்டாம். ஒருமுறை 12 ரூபாய் வித்தியாசத்தைத் துரத்திப் போய், நீக்கப்பட்ட பில்கள் புதியதில் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தோம்.

இதன் பிறகு காசாளர்கள் இரண்டு கிழமை மாலையில் அரை மணித்தியாலம் புதியதில் பொய்ப் பில் போட்டுப் பழகட்டும். அவர்கள் “இது சுணங்குது” என்று சொன்னால் நம்புங்கள்.

படி 8: மாற்றும் நாள்

நாள் பார்ப்பது இங்கே அவசியம். மார்ச் கடைசி வேண்டாம், நிதியாண்டு முடிகிறது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய கிழமைகள் வேண்டாம். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் லைனையும் கரண்டையும் நம்பமுடியாது. பங்குனி முடிந்து, சித்திரைப் புத்தாண்டு அவசரமும் அடங்கிய பிறகு வரும் ஒரு போயா தினம் எனக்குப் பிடித்தமானது. வங்கி பூட்டு, வியாபாரம் குறைவு, அடுத்த நாள் வேலைநாளாக வரும் போயாவைத் தேர்ந்தால் ஏதும் பிழைத்தால் உதவி கேட்க ஆளும் கிடைக்கும்.

டொமைன் முகவரியை மாற்றுவதானால், இரண்டு நாள் முன்பே அதன் டிடிஎல்லை, அதாவது மற்றக் கணினிகள் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் காலத்தை, 86,400 செக்கனிலிருந்து 300 ஆகக் குறையுங்கள். இல்லாவிட்டால் சிலருக்குப் புதிய தளமும் சிலருக்குப் பழைய தளமுமாக ஒரு முழு நாள் ஓடும்.

அன்று செய்யவேண்டிய ஒழுங்கு இது. பழைய மென்பொருளில் எல்லோரையும் வெளியேற்றி, எழுதமுடியாதபடி பூட்டுங்கள். கடைசிப் பில் இலக்கத்தைக் கடதாசியில் எழுதுங்கள். ஒரு முழு பேக்கப் எடுத்து அதைத் தொடாமல் வையுங்கள். மாறியவற்றை அனுப்புங்கள். படி 7 இன் சரிபார்ப்புகளைத் திரும்பச் செய்யுங்கள். முகவரியை மாற்றுங்கள். ஒரு உண்மையான பில் போட்டு, அச்செடுத்து, ரத்துச் செய்து பாருங்கள்.

தொடங்கும் முன்பே திரும்பும் நேரத்தை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். மாலை 4 மணிக்குள் முதல் பில் சரியாக வராவிட்டால் பழையதுக்கே திரும்புகிறோம் என்று. நேரம் குறிக்காமல் தொடங்கினால், இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று நள்ளிரவாகிவிடும், களைப்பில் எடுக்கும் முடிவுகளும் பிழைக்கும்.

படி 9: கரண்டும் லைனும் போகும் நாள்

“தம்பி, லைன் போனா நான் கடையைப் பூட்டுறதோ?” எல்லா முதலாளிகளும் இதைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள்.

ஃபைபர் ஒரு நிறுவனத்திடம், 4ஜி வேறொரு நிறுவனத்திடம் என்று இரண்டு லைன் வையுங்கள். இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தால் அவர்களின் பக்கத்தில் ஒரு கோளாறு வந்தாலும் இரண்டும் போகும். கணினிக்கு யூபிஎஸ் வாங்கிவிட்டு ரவுட்டரை மறந்துவிடுவார்கள். ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது, பல மணித்தியாலம் தாங்கும். நீண்ட மின்வெட்டில் 4ஜி டவரின் பேட்டரியும் இறங்கிவிடும் என்பதால், லைன் இல்லாமலும் பில் போட்டு, பிறகு தானாக மேலே ஏற்றும் மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். வாங்க முன்னர் விற்பவரின் முன்னாலேயே வயரைக் கழற்றி, நான்கு பில் போட்டு, திரும்பச் செருகிப் பாருங்கள். இரண்டு காசாளர்கள் லைன் இல்லாத நேரத்தில் ஒரே பில் இலக்கத்தைப் போட்டுவிடுகிறார்களா என்பதையும் அப்போதே சோதியுங்கள்.

கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் ஒன்று மேசை லாச்சிக்குள் எப்போதும் இருக்கட்டும்.

படி 10: அதன் பிறகு

முதல் மாதப் பில் வந்ததும் வரி வரியாக வாசியுங்கள். யாருக்கும் தெரியாத ஒரு கணினியோ, பழைய டிஸ்க் பிரதியோ அதில் கட்டாயம் இருக்கும். கணினியின் அளவை முதலில் தேவைக்குச் சற்றுக் கூடவே எடுத்திருப்பீர்கள். 30 நாள் பயன்பாட்டு வரைபடத்தைப் பார்த்துக் குறையுங்கள்.

மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, பேக்கப்பை இறக்கித் திறந்து பாருங்கள். யார் செய்தார், எத்தனை நிமிடம் ஆனது, கடைசிப் பில் இலக்கம் என்ன என்று ஒரு கொப்பியில் கையெழுத்தோடு எழுதட்டும். அந்த ஸ்டான்லி வீதிக் கடையில் இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை முதலாளியின் மகள் இதைச் செய்கிறார், எனக்குத் தொலைபேசி எடுத்துக் கடைசிப் பில் இலக்கத்தையும் சொல்வார்.

பழைய சேர்வரை உடனே விற்காதீர்கள். 90 நாள், வாசிக்க மட்டும் முடிந்த நிலையில், நெற்வேர்க்கிலிருந்து கழற்றி வையுங்கள். காலாண்டுக் கணக்கு ஒன்று புதியதில் சரியாக முடிந்து, ஒடிட்டரும் பார்த்த பிறகு, எத்தனை வருடத்துப் பதிவுகளை வைத்திருக்கவேண்டும் என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அவ்வளவையும் கிளவுட்டின் மலிவான நீண்டகாலச் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள். கடைசியாக டிஸ்க்கை முழுவதும் மேலெழுதி அழியுங்கள். கோப்புகளை நீக்கிவிட்டு அப்படியே பழைய சாமான்காரரிடம் கொடுத்தால், உங்கள் வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்கள் இன்னொருவர் மேசையில் திறக்கும். டிஸ்க் இயங்காவிட்டால் கழற்றி, உள்ளே உள்ள தட்டில் துளையிட்டுவிட்டுக் கொடுங்கள்.